சாயங்காலம் மட்டும் கொதிக்கும் வண்டி

ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு கடைகள். இடது பக்கத்தில் கணவர், கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். வலது பக்கத்தில் மனைவி, கார் எலக்ட்ரீஷியன். கணவருக்கு நல்ல பெயர் உண்டு. மனைவிக்குப் பட்டப்பெயர்தான் உண்டு: கேள்விக்காரி.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. வண்டி சூடாகிறது என்று யாராவது வந்து நின்றால் மற்றவர்கள் பானட்டைத் திறப்பார்கள். இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு வண்டிக்காரரை உட்கார வைப்பாள். ஓடும்போது சூடாகிறதா, நிற்கும்போதா? ஏசி போட்டிருந்தீர்களா? கடைசியாக யார் கை வைத்தார்கள்? "போலீஸ்ல கூட இவ்வளவு கேக்க மாட்டாங்கம்மா" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். "அவங்களுக்கு ஃபேன் ரிப்பேர் பண்ணத் தெரியாதே" என்றாள்.

முன்பு அவள் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், கணவர் பெயின்ட் அடிக்கக் கழற்றிப் போட்ட விளக்குகளைத் திருப்பி மாட்டித் தர ஆரம்பித்தாள். இந்த வயர் ஏன் இங்கே போகிறது என்று கேட்டால் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. வயரையே கேட்டுத் தெரிந்துகொண்டாள். பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. அவள் கடையில் ஒரே ஒரு கெட்ட வார்த்தைக்குத்தான் தடை: 'மாத்திப் பாத்துடலாம்.' எது கெட்டது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது என்பதில் அவள் மகா பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதத்தால் பிழைத்த மோட்டார்கள் எத்தனையோ.

அன்று காலை பத்து மணிக்கு வெள்ளை டாக்ஸி ஒன்று வந்து நின்றது. டாக்ஸிக்காரர் பழைய வாடிக்கை. அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியைப் பங்கு போட்டு ஓட்டி வந்தார்கள். காலை ஆறிலிருந்து இரண்டு வரை அண்ணன், அதற்குப் பிறகு தம்பி. வந்தவர் அண்ணன். முகம் கடுகடுவென்று இருந்தது.

"நாளைக்கு எஞ்சினைப் பிரிக்கப் போறாங்கம்மா. அதுக்கு முன்னால நீ ஒரு தடவை பாத்துடேன்."

ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் புதிது, அதை ஓட விடும் ரிலே புதிது, சூட்டை அளக்கும் சென்சாரும் புதிது. எல்லாம் வேறொரு கடையில் 'மாத்திப் பார்த்த' வகை. அப்படியும் வண்டி கொதித்தது.

"யாரு ஓட்டும்போது அண்ணே?"

"வேற யாரு? அந்தப் பய ஓட்டும்போதுதான். என் கையில ஒரு நாளும் சூடானதில்ல. தண்ணி பாக்க மாட்டான், கண்ணு மண்ணு தெரியாம மிதிப்பான். போன மாசமே வண்டியைத் தொடாதேன்னு சொல்லிட்டேன். சொந்தக்காரங்க எல்லார் முன்னாலயும் சொன்னேன். இப்ப ஏதோ குடோன்ல மூட்டை தூக்கிட்டிருக்கான். தூக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும். அவன் மிதிச்சதுல எஞ்சினே கெட்டிருக்கும், சாயங்காலத்துக்கு வேற ஆளைப் போடறதுக்கு முன்னால பிரிச்சுப் பாத்துடணும்னு மெக்கானிக் சொல்றாரு."

எஞ்சினை ஓட விட்டுக் காத்திருந்தாள். சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டியதும் ஃபேன் சுற்றியது. "பாத்தியா, நல்லாத்தானே சுத்துது!" என்றார் அவர். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"உங்க தம்பி ஓட்டும்போது எத்தனை மணிக்குச் சூடாகும்?"

"ஏழு, ஏழரை."

"மூணு மணிக்கு ஆகாதா? வெயில் அப்பதானே அதிகம்?"

அது அவருக்குத் தோன்றவே இல்லை.

"மூணு மணிக்குப் பண்ணாத எதை அவரு ஏழு மணிக்குப் பண்றாரு?"

"என்னத்தைப் பண்ணப் போறான்? லைட்டைப் போடுவான். ஊரே போடுது!"

அவள் எட்டி ஹெட்லைட்டைப் போட்டாள். ஃபேன் இரைச்சல் சட்டென்று இறங்கியது. படியேறிக் களைத்தவரின் நடை மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றியது. வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், இன்னொன்றை ஃபேனின் கறுப்பு வயரிலும் வைத்தாள். அந்த வயர் கரண்ட் திரும்பிப் போகும் வழி. வழி சுத்தமாக இருந்தால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். நான்கு வோல்ட் காட்டியது. லைட்டை அணைத்தாள், ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஃபேனும் லைட்டும் ஒரே குறுகலான வாசலில் முட்டி மோதுகின்றன. பகலில் லைட் இல்லை, அதனால் ஃபேன் தப்பித்தது.

கறுப்பு வயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு போல்ட்; லைட்டின் கறுப்பு வயரும் அதில்தான். போல்ட்டைக் கழற்றினாள். வயரின் வளையத்துக்கு அடியில் பளபளவென்று வெள்ளைப் பெயின்ட். கரண்ட் போக இரும்பு வேண்டும், பெயின்ட் வழியாகப் போகாது. போல்ட்டின் மரை வழியாகக் கசிந்த கொஞ்சத்தில்தான் இத்தனை நாள் பிழைப்பு ஓடியிருக்கிறது.

மூன்று மாதம் முன்பு அந்த வண்டியின் முகப்பு அடிபட்டு வந்தது. பெயின்ட் அடித்தது கணவர். வயர்களை மாட்டியது அவள். வளையம் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு தெரிந்த பிறகுதான் போல்ட்டை முடுக்க வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆனால் அன்று அந்த முகப்பு கண்ணாடி மாதிரி மின்னியது. கணவர் நான்கு பக்கமும் நின்று ரசித்தார். "ஒரு கீறல் படாம மாட்டு தாயே" என்றார். அவளுக்கும் அதைத் தேய்க்க மனசு வரவில்லை. ஊரில் எத்தனையோ பேர் அவசரத்தில் தப்பு செய்வார்கள், அலட்சியத்தில் செய்வார்கள். இவள் புருஷன் கை வேலையின் மேலிருந்த ஆசையில் செய்துவிட்டாள்.

எட்டிப் பார்க்க வந்த கணவருக்கு ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது. அவளை ஓரமாக இழுத்தார். "வயர் கோளாறுன்னு சொல்லி முடிச்சுடு. பழைய வண்டி, யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேனே" என்றாள்.

நேரே டாக்ஸிக்காரரிடம் போனாள். "அண்ணே, தப்பு என்னோடது. பெயின்ட்டைச் சுரண்டாம மாட்டிட்டேன். உங்க தம்பி ஓட்டினதுல ஒரு குத்தமும் இல்ல. அவரு இருட்டுல லைட் போட்டாரு, அவ்வளவுதான்."

மனுஷர் கத்தினார். புது மோட்டாருக்காகக் கத்தினார், நடுரோட்டில் இறங்கிப் போன சவாரிகளுக்காகக் கத்தினார். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் தலை குனியவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. கணவர் குறுக்கே புகுந்து, "நான்தாங்க கீறாதேன்னு சொன்னேன்" என்றார். பிறகு தானே உப்புத்தாளை எடுத்துவந்து தன் பளபளப்பின் மேல் கறகறவென்று தேய்த்தார். கேள்விக்காரியின் புருஷனாக இருப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும்தான்.

வளையத்தை முடுக்கி, லைட்டைப் போட்டார்கள். ஃபேன் அசரவில்லை. மீட்டர் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. டாக்ஸிக்காரரின் கோபமும் மெல்ல அடங்கியது.

"சரி, போனது போகட்டும். அவனைக் கூப்பிட்டு, மன்னிச்சுட்டேன், நாளையிலேருந்து வாடான்னு சொல்லிடறேன்."

"அவரு என்ன தப்பு பண்ணினாரு அண்ணே, நீங்க மன்னிக்கறதுக்கு?"

அவள் கேட்ட கேள்விகளுக்கு அவர் எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு அலுத்துக்கொள்ளக்கூட முடியவில்லை. போனை எடுத்தார். தம்பியின் எண்ணைத் தட்டினார். பின்னால் யாரோ மூட்டையை எண்ணும் சத்தம் அவளுக்கும் கேட்டது.

"டேய்... வண்டில வயர் கோளாறுடா. உன்மேல தப்பில்ல. நான்தான் எல்லார் முன்னாலயும் உன்னைத் தப்பாப் பேசிட்டேன். எல்லார்கிட்டயும் நானே போய்ச் சொல்றேன்."

தண்ணிகூடப் பார்க்காதவன் என்று பெயர் வாங்கிய அந்தத் தம்பி பதறிப்போய்க் கேட்டான்:

"அண்ணே, எஞ்சினைப் பிரிச்சுடலையே?"

"இல்லடா" என்று சொல்லிவிட்டு, அண்ணன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார்.