வெயிலில் வைத்த இரண்டு பாட்டில்கள்

லேப் கனகபாய் இறந்துபோனார் என்ற செய்தி எங்கள் மருத்துவமனை வாட்ஸ்அப் குழுவில் காலை பத்து மணிக்கு வந்தது. நான் ஓ.பி.யில் இருந்தேன். எதிரே இருந்தவரின் பிரஷரை இரண்டு முறை தப்பாக எழுதினேன். அதற்குள் குழுவில் கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. 'சிறந்த பணியாளர்' என்று ஒருவர் போட்டிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. பணியாளராம்! தக்கலைப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பின்னறையில், மைக்ராஸ்கோப்பும் தானுமாக இருந்த அந்த அம்மாள் என்ன செய்தார் என்பது முழுதாகத் தெரிந்தவன் நான்தான். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். இதில் என் மடத்தனமும் வரும், வரட்டும்.

கனகபாயிடம் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி வீட்டுக்குப் போகும்வரை அவருடைய சாம்பிளைக் கொட்டமாட்டார். மேற்கு ஜன்னல் திட்டில் பெயர் ஒட்டிய பாட்டில்கள் வரிசையாக நிற்கும். நாற்றம் என்று நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். "ஆளு இஞ்ச கெடக்கும்போ சாம்பிளக் கொட்ட என்ன அவசரம் டாக்டரே? அவிய போகட்டும், பொறவு கொட்டுகேன்" என்பார். நான் முனகிக்கொண்டே மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

அந்த நாட்களில் ஷைனி என்ற கல்லூரி மாணவி மாதம் தவறாமல் வயிற்று வலியோடு வந்து சேருவாள். வாந்தி, படபடப்பு, கைகால் தளர்ச்சி எல்லாம் இருக்கும். நாலு நாளில் எழுந்து நடந்து போய்விடுவாள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. வேறோர் இடத்தில் குடல்வாலை எடுத்திருந்தார்கள், வலி போகவில்லை. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார்கள் வீட்டில். "நடிக்கல்ல டாக்டரே, நெசமாட்டு வேதன எடுக்கு" என்று அவள் அழுதபோது நான் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனவன். கடைசியாக வந்த தடவை வலி அடங்கவே இல்லை. மறுநாள் காலை வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்றார் சர்ஜன். நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை நாலு மணிக்குக் கனகபாய் இரண்டு பாட்டில்களோடு என் அறைக்குள் வந்தார். ஒன்று மஞ்சள். மற்றது பால் ஊற்றாத கட்டன் சாயா போலக் கறுத்துச் சிவந்திருந்தது.

"இது ஷைனிக்க மூத்திரம் டாக்டரே. இன்னைக்கிக் காலத்த எடுக்கும்போ மஞ்சளாட்டுதான் இருந்து. வெயிலு பட்டு இப்பிடி ஆச்சு. போன மாசமும் இப்பிடித்தான்."

"வெயிலில் வைத்தால் எதுவும் நிறம் மாறத்தான் செய்யும்" என்றேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"அப்பிடி நீங்க சொல்லுவியன்னு தெரியும். அதனால எனக்க மூத்திரத்தையும் அதே ஜன்னல்ல வச்சேன். அந்த மஞ்சப் பாட்டிலு என்னுது. அது மாறல்ல."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கல்லூரியில் படித்து, தேர்வு எழுதி, மறந்தே போன ஒரு பாடம் என் மேசைமேல் நின்றுகொண்டிருந்தது. நம் ரத்தத்தின் சிவப்பு ஒரு வளைய மூலக்கூறு. சின்னஞ்சிறு வளையங்கள் நான்கு சேர்ந்து ஒரு பெரிய வளையமாகி, நடுவில் இரும்பை வாங்கிக்கொள்ளும். சேர்க்கிற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. சின்ன வளையங்கள் சேராமல் தேங்கி நரம்புகளை வாட்டும், சிறுநீரில் வெளியேறும். உடம்புக்குள் சேராதவை ஜன்னல் வெயிலில் தாமாகச் சேர்ந்து நிறம் கொண்டிருந்தன. போர்ஃபிரியா என்று பெயர். இந்த நோய்க்காரருக்குச் சில மயக்க மருந்துகள் உயிருக்கே உலை வைக்கும். மறுநாள் காலை அப்படி ஒன்றைத்தான் கொடுப்பதாக இருந்தோம்.

கனகபாய் ஷைனியின் சிறுநீரில் இந்த நோயைக் காட்டும் வேதிப்பொருளை ஊற்றினார், இளஞ்சிவப்பு ஏறியது. ஆபரேஷனை நிறுத்தினோம். குளுக்கோஸ் ஏற்றியதும் வலி மெல்ல மெல்ல இறங்கியது. நான் ஷைனியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பெரிய ஆய்வகமும் பிறகு உறுதி செய்தது.

மாதாமாதம் ஏன் வருகிறது என்பதையும் கண்டுபிடித்தவர் அவர்தான். மாதவிடாயை ஒட்டி இது தலைதூக்கும் என்று மட்டும் நான் சொன்னேன். ஷைனியும் அவரும் ஒரே கிறிஸ்தவ சபை. மகளின் வலி தீர, மாத முதல் வெள்ளிக்கிழமை குடும்பமே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உபவாச ஜெபத்தில் இருந்தது. இந்த நோய்க்குப் பட்டினி ஆகவே ஆகாது. வலி போகவேண்டும் என்று இருந்த பட்டினியே அடுத்த வலியைக் கூட்டிக்கொண்டு வந்தது. உபவாசத்தை விடமாட்டேன் என்று தகப்பனார் முறுக்கிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கனகபாய் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோய்ச் சபைக் கோயிலுக்குள்ளேயே ஷைனி பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் தான் குடித்தார். "குடி மக்கா" என்று அவளுக்கும் ஊற்றினார். தகப்பனாரைப் பார்த்து, "கஞ்சி குடிச்சிட்டு ஜெபம் பண்ணினா கர்த்தருக்குக் கேக்காதா அண்ணாச்சி?" என்று கேட்டாராம். ஷைனி கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு ஜெபத்துக்கு முழங்காலிட்டாளாம்.

அதோடு விட்டாரா? இது குடும்பத்தில் இறங்கும் நோய், தங்கை ஷீபாவையும் பார்க்கவேண்டும் என்று நின்றார். நல்லாயிருக்கிற பிள்ளைக்கு நோய்ப் பேர் வந்தால் கல்யாணம் நடக்குமா என்று தகப்பனார் கதவைச் சாத்தினார். "மறச்சா கல்யாணம் நடக்கும். பொறவு பிள்ள உயிரோட இருக்காண்டாமா?" என்றார் கனகபாய். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பஸ் ஏறிப் போய், கடைசியில் சாம்பிளோடு திரும்பினார். ஷீபாவுக்கும் இருந்தது.

கனகபாயின் அடக்கத்துக்கு ஷைனி வந்து கதறி அழுதாள். அவள் கதை எல்லோருக்கும் தெரியும். ஷீபா இடுப்பில் குழந்தையோடு கடைசி வரிசையில் நின்றாள். அவளை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு ஒருநாளும் அந்த வலி வந்ததில்லை. ஆகாத மருந்துகளைக் கனகபாய் குண்டு குண்டான எழுத்தில் எழுதித் தந்த அட்டை இன்றும் அவள் பையில் இருக்கிறது. பிரசவத்துக்குப் போனபோது முதலில் அதைத்தான் நீட்டினாளாம்.

கனகபாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒரு பெருமை. எங்கே வேலை பார்க்கிறீர்கள் டாக்டர் என்று இனி யார் கேட்டாலும் சொல்வேன்: கனகபாய் லேபில் இருந்த ஆஸ்பத்திரியில்.