லூர்துக்காக எடுத்த கொடைக்கானல் விடியல்

சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட மறுநாள் காலை திருக்காட்டுப்பள்ளியில் பஸ் ஏறினேன். திருச்சி, திண்டுக்கல், வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் சேர இருட்டிவிட்டது.

என் மனைவி லூர்து மேரி குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். மகளின் நர்சிங் படிப்புக்காகப் போனவள். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு இருவரும் கொடைக்கானல் போவதாகப் பேச்சு. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்களாவது போங்க. அந்த ஏரியில சூரியன் வர்றத எடுத்து அனுப்புங்க. பாத்துட்டு வேலைக்குப் போறேன்" என்றாள். வேலை நேரத்தில் அவள் கையில் போன் இருக்கக் கூடாது. நம் நேரப்படி காலை ஏழரைக்குள் படம் போய்ச் சேர வேண்டும்.

ஐந்தரைக்கே விடுதியிலிருந்து நடந்தேன். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை. கிழக்கே பார்க்க வாகாக மேற்குக் கரையில் நின்று ஜெபமாலை சொன்னேன். தண்ணீரே தெரியாதபடி பனி மூடிக் கிடந்தது. காலண்டரில் உதயம் ஆறு முப்பத்தாறு. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு வயல் விளிம்பில் சிவப்பாக எழுந்து நிற்கும். இங்கே ஏழு தாண்டியும் காணோம். மேகம்தான் மறைக்கிறது என்று நினைத்து, "விலக்கிவிடும் தாயே" என்று மாதாவிடம் மன்றாடினேன்.

பிளாஸ்கில் டீ விற்ற பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குண்ணே காத்திருக்கீங்க?"

"சூரியனுக்கும்மா. இன்னிக்கு வராதா?"

"வந்து அரைமணி ஆச்சு. பின்னாடி திரும்பிப் பாருங்க."

திரும்பினேன். பின்னாலிருந்த குன்றின் உச்சி மரங்கள் மஞ்சள் வெயிலில் நின்றன.

"எதிர் மலைய ஏறி வரணும்ல? எந்த ஊருண்ணே நீங்க?"

"தஞ்சாவூர்ப் பக்கம்."

"அதான்! உங்களுக்கு வரப்பு மேலயே வந்து நிக்கும்." சிரித்தபடி டீயை நீட்டினார். இருபது ரூபாய்.

ஏழு இருபதுக்கு எதிர் முகட்டு மரங்களுக்கு நடுவே ஒரு பொட்டு நெருப்பு. ஏரிமேல் கிடந்த பனி சிவந்து, மெல்லக் கலைந்து, அடியில் தண்ணீர் தெரிந்தது. சிலுவை போட்டுக்கொண்டேன். படம் எடுக்க மறந்தே போனேன்.

"எடுங்கண்ணே, போயிரப்போவுது!" என்று அவர்தான் அதட்டினார்.

மூன்று படம் எடுத்தேன். போனை வாங்கி என்னையும் ஒன்று எடுத்தார். "நடுவுல வாங்க. அந்தப் பக்கம் சும்மா கெடக்கு."

"இருக்கட்டும்மா" என்றேன்.

உடனே அனுப்பினேன். போய்ச் சேர்ந்த அடையாளம் விழுந்தது. பார்த்த அடையாளம் விழவில்லை. எட்டரை வரை அங்கேயே நின்றேன். அவ்வளவு அழகையும் ஒற்றை ஆளாகப் பார்ப்பது, கல்யாண வீட்டில் எல்லாரும் எழுந்து போன பந்தியில் தனியாகச் சாப்பிடுவது போலிருந்தது.

மதியம் பஸ் ஏறினேன். மலையிறங்கி வத்தலகுண்டு நெருங்கையில் போன் அடித்தது.

"காலையில சீக்கிரமே கூப்பிட்டுட்டாங்க, இப்பதான் பாத்தேன். மதியம் சாப்பிட்டுட்டு எல்லாரும் தூங்குறாங்க" என்று கிசுகிசுத்தாள் லூர்து. "ஏரி அழகா இருக்குங்க. நான் உங்களத்தான் பெரிசு பண்ணிப் பாத்துட்டிருக்கேன். என்ன அது தலையில, கொரங்குக் குல்லாவா?"

"நூத்தம்பது ரூவா. குளிரு தாங்கல."

"கேட்ட வெலையக் குடுத்திருப்பீங்க. எனக்கும் ஒண்ணு வாங்கி வைங்க. நான் வந்ததும் ரெண்டு பேரும் அங்க போவணும்."

வெளியே தென்னந்தோப்பும் அனல்காற்றும். குல்லா விற்கும் மலை பின்னால் போய்விட்டிருந்தது.

"வாங்கியாச்சு" என்றேன்.

கழற்ற மறந்து இன்னும் தலையிலேயே இருந்ததை எடுத்து, மடித்துப் பையில் வைத்தேன். அது அவளுக்கு. எனக்கு வேண்டியதை அடுத்த முறை அவளே பேரம் பேசி வாங்கித் தரட்டும்.