ஏ போட்டவளும் ஜே போட்டவளும்

எங்கள் வீட்டில் டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதன் பெயர் சர்வர். அரியலூரில் இந்தச் சொல்லைச் சொன்னால் கையில் சாம்பார் வாளியோடு ஒரு ஆள் வருவார் என்றுதான் நினைப்பார்கள். எங்கள் வீட்டுச் சர்வர் எதையும் கொண்டுவந்து வைக்காது. நாம் வைத்ததைத் திருப்பிக் கேட்டால், நீ யார் என்று கேட்கும்.

அதை அங்கே வைத்தவர் என் கணவர். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் கருவிகளைக் கவனிக்கும் இன்ஜினியர். வெப்பமும் அழுத்தமும் அவர் முன்னால் திரையில் எண்ணாக வந்து நிற்க வேண்டும்; நிற்கும். வீட்டையும் அப்படி நிற்க வைத்துவிடலாம் என்று ஆறு வருடத்துக்கு முன் அவருக்குத் தோன்றியது. ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் ஓட விட்டார். "இனிமே நம்ம வூட்டு ஃபைல் எல்லாம் ஒரே எடத்துல இருக்கும். யாரு வேணா எந்த ரூம்ல இருந்து வேணா எடுத்துக்கலாம்" என்று அறிவித்தார். வீட்டில் இருப்பது இரண்டு ரூம், இரண்டு பேர். ஆனாலும் அறிவிப்பு அறிவிப்புதான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முறுக்குத் தட்டு வருவதற்கு முன்பே சர்வர் விளக்கம் வந்துவிடும்.

என் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அவரே சர்வருக்கு ஏற்றிவிட்டு, லேப்டாப்பில் இருந்த பிரதிகளை அழித்தார். "ரெண்டு எடத்துல இருந்தா குழப்பம்" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

நான் பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். பன்னிரண்டு வருடமாகத் தினமும் பஸ். வேலையில் சேர்ந்த அன்று என்னுடைய அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். பாதுகாப்புக்காம். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்கும் துணிச்சல் அன்றைக்கு எனக்கு இல்லை. வேறு வேலை தேடிப் போய்விடாமல் இருக்க, என்னிடமிருந்தே பாதுகாப்பு என்று பிறகு புரிந்தது. ஆகையால் என் பத்தாம் வகுப்பிலிருந்து முனைவர் பட்டம் வரை எல்லாம் என்னிடம் இருந்தது ஸ்கேன் செய்த ஃபைல்களாக மட்டும்தான். அந்த ஃபைல்கள் இருந்தது டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே.

அரசுக் கல்லூரி வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். எத்தனையோ வருடம் காத்திருந்து வந்த அறிவிப்பு. கடைசி நாள் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. அனுபவச் சான்றிதழில் எங்கள் பிரின்சிபால் கையெழுத்துப் போட்டதே வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஏதோ கிட்னியைத் தானம் கொடுப்பவர் முகத்தோடு. அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மற்றதெல்லாம் சர்வரில் இருக்கும் ஷேர் ஃபோல்டரில் தயாராக இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஃபோல்டரைத் தட்டினேன். திறக்கவில்லை. திரையில் ஒரு பெட்டி வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்வதானால், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை, அடையாளம் தெரியாத கெஸ்ட் உள்ளே நுழைவதைத் தடுக்கிறது என்று பொருள். எந்த நிறுவனம்? எங்கள் வீட்டில் பால் பாக்கெட் வைக்கும் பைக்குக்கூட ஒரு கொள்கை கிடையாது. இரண்டு நாள் முன்புதான் லேப்டாப் தானாக அப்டேட் ஆகி, அரை மணி நேரம் என்னைக் காக்க வைத்திருந்தது. அதன் வேலையாக இருக்கும் என்று நினைத்து அவரைக் கூப்பிட்டேன். அன்று அவருக்கு வார விடுமுறை.

வந்தார். பெட்டியைப் பார்த்தார். ஓகேயை அழுத்தினார். பெட்டி போய்விட்டது.

"என்னமோ கெஸ்ட்டுன்னு போட்டிருந்துச்சுங்க."

"அதெல்லாம் சும்மா வரும்" என்றார்.

இது அவருடைய தொழில் பழக்கம். கன்ட்ரோல் ரூமில் அலாரம் அடித்தால் முதலில் அதை அமுக்கிச் சத்தத்தை நிறுத்த வேண்டுமாம். பிறகுதான் யோசிக்க வேண்டுமாம். வீட்டுக்கு வரும்போது அதில் முதல் பாதி மட்டும் கூடவே வந்துவிட்டது. இருபது வருடமாக நான் சொல்லும் எதற்கும் "சரி சரி" என்று முதலில் ஓகே அழுத்துகிறவர் இந்த மனிதர். மென்பொருளிடம் மட்டும் வேறு மாதிரியா நடந்துகொள்வார்?

லேப்டாப்பை அணைத்துப் போட்டார். ரவுட்டரை அணைத்துப் போட்டார். சர்வரை அணைத்துப் போட்டார். பெட்டி வந்தது, ஓகே. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தார். "நாலு தடவ கூப்டேன், நாலு தடவையும் பதில் சொல்லுது பாரு. சர்வர் மேல தப்பே இல்ல" என்றார். நான் நாலு தடவை கூப்பிட்டு ஒரு தடவை பதில் வாங்கிய நாள் எது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து, என் லேப்டாப் எங்கள் வீட்டு வைஃபையைப் பொது இடம் என்று நினைத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். "பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. அதான் பயப்படுது" என்று மாற்றினார். பெட்டி வந்தது, ஓகே. வைஃபையே வேண்டாம் என்று மஞ்சள் ஒயர் ஒன்றை ஹாலுக்குக் குறுக்கே இழுத்தார். நான் இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தேன். பெட்டி வந்தது, ஓகே. ஃபயர்வாலை நிறுத்தினார். பிறகு யூடியூபில் ஒரு இந்தி வீடியோவைப் போட்டார். எங்கள் இருவருக்கும் இந்தி தெரியாது. அந்த ஆள் அம்புக்குறியை எங்கே கொண்டுபோகிறாரோ அங்கே இவரும் கொண்டுபோனார். அவருக்குத் திறந்தது, இவருக்குப் பெட்டி வந்தது. ஓகே.

மணி இரண்டரை. மத்தியானம் செய்த எலுமிச்சை சாதம் யாரும் தொடாமல் ஆறிப்போயிருந்தது. கல்லூரிக்கு ஓடிப்போய்ப் பீரோவைத் திறக்கச் சொல்லலாம் என்றால் அன்று விடுமுறை, சாவி பிரின்சிபாலிடம். அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்னும் பத்து வருடம் அதே பஸ்ஸில், அதே ஜன்னலோரத்தில், ஓய்வு பெறும்வரை போய்வருவது கண்ணுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அழுதால் அதற்கும் ஓகே அழுத்துவார் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"என் பேர்ல உள்ள போயிப் பாக்குறேன்" என்றார். நல்ல யோசனைதான். பாஸ்வேர்டு கேட்டது. கல்யாணத் தேதி போட்டார், பைக் நம்பர் போட்டார், ஆலை டோக்கன் நம்பர் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஆறு வருடமாக அந்தப் பாஸ்வேர்டை நினைவில் வைத்திருந்தது அவருடைய கம்ப்யூட்டர், அவர் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரோ மின்சாரம் தரும் பாகம் கருகிப்போய்ப் பெரம்பலூரில் ரிப்பேர் கடையில் கிடந்தது. கடைக்காரர் திங்கள்கிழமை வாங்க என்று சொல்லியிருந்தார்.

"அட்மின் பாஸ்வேர்டு எங்கியோ எழுதி வச்சேன். எங்கன்னுதான் தெரியல" என்றார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "ஏங்க, அந்தச் சர்வர் பொட்டிக்கு அடியில மார்க்கர்ல என்னமோ கிறுக்கியிருக்கே, அதா?"

பெட்டியைக் கவிழ்த்தார். அவருடைய கையெழுத்துதான். "யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு அடியில எழுதுனேன்" என்று பெருமையாகச் சொன்னார். சுண்ணாம்புக்கல் லாரி நாளெல்லாம் போகும் தெரு எங்களுடையது. வாரம் ஒரு முறை அந்தப் பெட்டியைத் தூக்கித் துடைக்காவிட்டால் அது வெள்ளைப் பெட்டியாகிவிடும். ஆறு வருடமாகத் துடைப்பவள் நான். ஏதோ கம்பெனி நம்பர் என்று நினைத்து அதன் ஓரமாகவே துடைத்துக்கொண்டிருந்தேன். அழிக்காமல் விட்டேனே, அது அவர் செய்த புண்ணியம்.

அதைப் போட்டதும் லேப்டாப்பிலேயே சர்வரின் நிர்வாகப் பக்கம் திறந்தது. உள்ளே வர அனுமதி உள்ளவர்களின் பட்டியல் ஒன்று. நான்கு பெயர்கள். முதலாவது அட்மின். இரண்டாவது அவர். மூன்றாவது டி.வி. ஆமாம், டி.வி.க்குத் தனியாக ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. நான்காவதாக என் பெயர், அதற்கு முன்னால் ஜே. கடைசியாக உள்ளே வந்த நாள் என்ற இடத்தில், இதுவரை வந்ததில்லை என்று இருந்தது.

ஜே என் கணவர் பெயரின் முதல் எழுத்து. என் இனிஷியல் ஏ. என் அப்பா பெயரின் முதல் எழுத்து. அப்பா வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தன் கையாலேயே அந்த ஏ-வைச் சரிபார்த்து அனுப்பியவர். கல்யாணமான பிறகு ரேஷன் கார்டிலும் கேஸ் புத்தகத்திலும் நான் ஜே ஆனேன். சான்றிதழிலும் கல்லூரிப் பதிவேட்டிலும் ஏ-வாகவே இருக்கிறேன். என் சம்பளத்தில் வாங்கிய லேப்டாப்பிலும் ஏ போட்டுத்தான் என் பெயரைப் பதிந்திருந்தேன்.

அவர் வேறொரு பக்கத்தைத் திறந்தார். சர்வருக்கு வந்துபோனவர்களின் குறிப்பு. வரிசையாக ஏ போட்ட என் பெயர். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இப்படி ஒருவர் இல்லை, கெஸ்ட்டாக அனுமதிக்கப்பட்டார். கீழே போகப் போக அதேதான். கெஸ்ட், கெஸ்ட், கெஸ்ட்.

முதல் முறையாக அவர் ஓகே அழுத்தாமல் முழுதாகப் படித்தார்.

"அது வந்து... உன் லேப்டாப்பு ஏ போட்ட பேரைச் சொல்லிக்கிட்டு வந்திருக்கு. சர்வருக்கு ஜே போட்ட பேருதான் தெரியும். தெரியாத ஆளுன்னு கெஸ்ட்டா விட்டிருக்கு. பழைய விண்டோஸ் பேசாம இருந்துச்சு. இப்ப வந்த அப்டேட்டு கெஸ்ட்டாப் போவ விட மாட்டேங்குது."

"அப்ப ஆறு வருசமா இந்த வூட்டுல நான் கெஸ்ட்டு."

"அப்படி இல்ல..."

"டி.வி.க்குப் பேரு இருக்கு."

அவர் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"ஜே போட்டு வச்சேன்னு எங்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்ன மாதிரிதான் இருக்கு. கல்யாணம் ஆனா ஜே தானே போடுவாங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, "சரி விடு, டைம் ஆவுது. ஜே-வுக்கே பாஸ்வேர்டு மாத்தித் தரேன், ஒரு நிமிசத்துல உள்ள போயிடலாம்" என்றார்.

மணி நாலே கால். ஒரு நிமிடத்தில் போயிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் காலையிலிருந்து அந்தப் பெட்டி சொன்னதை அவர் ஒரு தடவை படித்திருந்தால் பதினொன்றே காலுக்கே முடிந்திருக்கும் வேலை இது. என் கோபத்துக்கும் ஒரு நிமிடம் வேண்டியிருந்தது.

"புதுசா ஒண்ணு போடுங்க. ஏ போட்டு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா இருந்திருந்தா காலையிலயே தொறந்திருக்குமே."

அதற்கு அவரிடம் ஓகே பட்டன் இல்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துத் தட்டினார். ஏ, புள்ளி, என் பெயர். பாஸ்வேர்டை நான் போட்டேன். அவரை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னேன். திரும்பினார். ஃபோல்டர் திறந்தது.

விண்ணப்பத்தின் முதல் கட்டமே, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர். ஏ என்று போட்டேன். ஒவ்வொரு சான்றிதழாக ஏற்றினேன். கடைசி நாள் கூட்டத்தில் ஒவ்வொன்றும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. அவர் பக்கத்தில் நின்று வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தார். நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் கிடைத்தது என்று எண்ணோடு ஒரு பெட்டி வந்தது. அந்தப் பெட்டியை மட்டும் நான் வரிவரியாகப் படித்தேன், இரண்டு தடவை. பிறகு எல்லா ஃபைலையும் லேப்டாப்பிலேயே ஒரு பிரதி எடுத்து வைத்தேன். குழப்பம் வந்தால் வரட்டும்.

அவர் மஞ்சள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "அந்த ஜே போட்டதை அழிச்சிடவா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, "தலை வலிக்குது. ஒரு டீ போடேன்" என்றார்.

"ஜே போட்டவளைக் கேளுங்க. அவளுக்குத்தான் ஆறு வருசமா ஒரு வேலையும் இல்ல."

சிரிப்பாரா கோபிப்பாரா என்று பார்த்தேன். இரண்டும் இல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போனார். டப்பா ஒன்றைத் திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது, இன்னொன்று. இருபது வருடம் வாழ்ந்த வீட்டில் சர்க்கரை எதில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு மனிதர் அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இடது கைப் பக்கம், ரெண்டாவது" என்றேன். அந்த அறைக்கு அவர் கெஸ்ட். இருந்தாலும் உள்ளே விட்டேன்.