குளியலறை அறிவிப்பாளர்

குளியலறையில் தண்ணீர்க் குழாய் நின்றது. ஒரு செருமல். பிறகு மெல்லிய கதவைத் தாண்டி அந்தக் குரல் வந்தது.

"அன்பான தமிழ் உறவுகளே! ஊசி போட முதல் ஒருக்கா யோசியுங்கோ. உங்கடை உடம்பு என்ன, பரிசோதனைச் சாலையோ?"

சோபாவின் நுனியில் இருந்த றெஜினா கண்களை மூடிக்கொண்டாள். பாரிசின் புறநகரான செவ்ரானில் அவளுடைய தம்பி அன்ரன் இரவு பகலாகப் போட்டுக் கேட்கும் குரல் அது.

"எதிரொலி நல்லா வருமெண்டு அங்கை இருந்துதான் ரெக்கோட் பண்ணுறவர்," என்று தேநீரை வைத்தாள் கலாவதி. கணவனைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

குலசேகரத்தைப் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் தெரியாதவர்கள் இல்லை. இருபது வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியவர். சனி, ஞாயிறுகளில் மட்டும் கோட் மாட்டி, கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீடு என்று மண்டபம் மண்டபமாக மைக் பிடித்தார். குளிர்பானம் பரிமாறப்படுவதைக்கூடத் தேர்தல் முடிவுபோல அறிவிப்பார். கொரோனா வந்து மண்டபங்களைப் பூட்டியபோது, பாவம், மனிதர் துவண்டே போனார். பிறகு வைபர் குழுவைக் கண்டுபிடித்தார். மருத்துவம் படிக்காத வாய் மருத்துவம் பேசியது. ஆயிரம் பேர் கேட்டார்கள். கைதட்டும் படங்கள் குவிந்தன. மைக் திரும்பக் கிடைத்த ஆனந்தத்தில், யார் சாவார், யார் பிழைப்பார் என்ற சின்ன விசயமெல்லாம் அவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது!

றெஜினாவோ அலுவலகங்களைத் துப்புரவு செய்பவள். ஆறு மாதமாக ஞாயிறு பூசை முடிந்ததும் மெட்ரோ வாசலில் ஒரு சுகாதாரச் சங்கத்தோடு நின்று ஊசி போடச் சொல்லித் தமிழில் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறாள். வாங்கிய சனம் அதில் வடை எண்ணெயைத் துடைத்தது.

சாரமும் தோளில் துவாயுமாகக் குலசேகரம் வெளியே வந்தார்.

"என்ன றெஜினா, எனக்கும் நோட்டீஸ் தர வந்தனியோ?"

"இல்லை அண்ணை. நாளைக்கு அன்ரனுக்கு ஊசிக்கு ரொந்தேவு எடுத்து நேரம் குறிச்சிருக்கிறன். அவனுக்குச் சீனி வருத்தம், தெரியும்தானே. டொக்டர் சொல்லியும் கேக்கிறான் இல்லை. 'குலம் அண்ணை சொல்லட்டும், போடுறன்' எண்டுறான். ஒரு பத்து செக்கன் கதையுங்கோ. எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. கல்லும் கரைந்திருக்கும். குலசேகரம் கரையவில்லை.

"நான் கொள்கையோடை கதைக்கிறவன். இண்டைக்கு ஒண்டு, நாளைக்கு ஒண்டு சொன்னா சனம் என்ன நினைக்கும்?" என்று வலக்கையை வீசினார். துவாய் சரிந்தது. பிடிக்க இடக்கையைத் தூக்கியவர், "ஐயோ அம்மா!" என்று அப்படியே நின்றார். தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன வட்டப் பிளாஸ்டர்.

யார் கையிலாவது காணமாட்டோமா என்று ஆறு மாதமாக றெஜினா ஏங்கிய ஊசிப் பிளாஸ்டர் அது.

"நுளம்பு கடிச்சது," என்றார் அறிவிப்பாளர்.

"ஜனவரிக் குளிரிலையோ?" என்றாள் கலாவதி. "இது மூண்டாவது நுளம்பு, றெஜினா. ரெண்டு போன வருசமே கடிச்சிட்டுது. மண்டபங்கள் திரும்பத் திறந்திட்டுது, ஊசி போட்ட பாஸ் இல்லாட்டி உள்ளை விடமாட்டினமாம். தமிழ் ஆக்கள் கண்டிடுவினமெண்டு ரெண்டு மெட்ரோ மாறி, ஆத்துக்கு அங்காலை, பாரிசின்ரை மற்றக் கரையிலை போய்க் குத்திக்கொண்டு வந்தவர்."

றெஜினா கத்தவில்லை. "அப்ப அதையாவது சொல்லுங்கோ அண்ணை. 'நான் போட்டனான்' எண்டு."

குலசேகரம் குளியலறைக்குள் போனார். "அன்பான தமிழ் உறவுகளே..." ஒரு செருமல். "அன்பான தமிழ்..." மறுபடி செருமல். குழாய் திறந்தது. முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"தொண்டை கட்டிப்போச்சு. வாற மாதம் ரெண்டு சாமத்திய வீடு வேறை கிடக்கு. வெளியிலை சொல்லிப்போடாதை, தங்கச்சி."

இப்படியும் ஒரு தொண்டை!

கலாவதி றெஜினாவின் போனை வாங்கி, அன்ரனுக்குக் குரல் பதிவு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். பாரிசுக்கு வந்து இருபத்தாறு வருடம். அவளிடம் ஒருவரும் மைக்கை நீட்டியதில்லை.

"அன்ரன், நான் கலாவதி அக்கா. இவர் மூண்டு ஊசியும் போட்டிட்டார். நானும் போட்டனான். நாளைக்கு றெஜினாவோடை போ."

றெஜினா கோட்டின் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. "மூண்டுமோ?" அடுத்து இன்னொன்று: "எத்தினை மணிக்கு?"

றெஜினா விம்மியபடி கலாவதியைக் கட்டிக்கொண்டாள்.

"கொஞ்சம் நிறுத்தி நிறுத்திக் கதைச்சிருக்கலாம்," என்றார் பின்னால் குலசேகரம்.

றெஜினா படி இறங்கினாள். கலாவதி கதவைச் சாத்தினாள்.