நாலு கட்டமும் மதிய பஸ்ஸும்

கழுத்தில் சணல் கயிறு, அதில் தொங்கும் பலகை, பலகையில் கிளிப் போட்ட காகிதம். அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே, தன் படக்கதைத் தருமனுக்கு மூக்கு போடுகிறார் ஓவியர் சக்கரவர்த்தி. இடது கையில் மைப்புட்டி. எத்தனை வேகமாகத் திரும்பினாலும் அது மட்டும் சிந்துவதில்லை.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் வாடகை அறை. ஜன்னல் வழியே பார்க்கிற வெளிநாட்டுக்காரர்கள் இந்த நடையை ஏதோ கடுந்தவம் என்று நினைத்துக் கைகூப்புவார்கள். "பொழப்பப் பாக்குறேன்னு யாராச்சும் சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்துவார். மனைவி வேதா அசைய மாட்டார். "கும்பிட்டா கும்பிட்டுட்டுப் போறாங்க. உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

தருமன், வேலூர் நாளேடு ஒன்றில் தினமும் நாலு கட்டத்தில் வருகிற ஆள். மண்ணெண்ணெய்க்கோ சர்க்கரைக்கோ வரிசையில் நிற்பான். அவன் முறை வரும்போது கதவைச் சாத்திவிடுவார்கள். இவ்வளவுதான் கதை, வருடக்கணக்காக ஓடுகிறது. தருமனுக்குக் கோபம் வந்தால் சக்கரவர்த்தி பல்லை நறநறப்பார். அவன் கொட்டாவி விட்டால் இவருக்கும் வாய் பிளக்கும். சாப்பாடு, பேச்சு, வேலை எல்லாம் நின்றபடிதான். "குந்துனா கை செத்துடுதுங்க" என்பார்.

முடித்த படத்தை உறையில் போட்டு, வேலூர் போகிற மதிய பஸ் கண்டக்டர் காசியிடம் கொடுக்க வேண்டும். சமீபத்தில் இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டார். உதவி ஆசிரியர் மௌலி நேரிலேயே வந்து சொல்லிவிட்டார். "பம்பாய்லேர்ந்து அமெரிக்கக் கார்ட்டூன் கம்மி வெலைக்கு வருது சார். இன்னொரு நாள் லேட்டாச்சுன்னா அதைத்தான் போடுவேன். அப்புறம் தருமன் கெடையாது." அன்றிலிருந்து இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்பு மட்டும் கொண்டதா என்றால், அதுவும் இல்லை. ஆனால் தருமன் போய்விட்டால் விடிந்ததும் எதற்காக எழுந்து நடப்பது என்ற பயம் நிஜமாகவே அவரைப் பிடித்துக்கொண்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் போன வாரம் சென்னையிலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. பத்திரிகைப் படக்கதை ஓவியர்களைப் பற்றிச் செய்திப்படம் எடுக்கிறார்களாம். தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடுமாம். டைரக்டர் ராமன் பக்கத்து லாட்ஜில் மேசை நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு, விளக்கையும் போட்டார். "உக்காந்து அசையாம வரைங்க சார். நகர்ந்தா ஃபோகஸ் போயிடும்."

நல்லவேளை, அன்றைய படம் விடிந்ததுமே முடிந்திருந்தது. "அப்போ அது மேலேயே சும்மா வரையற மாதிரி பாவனை பண்ணுங்க, போதும்" என்றார் ராமன்.

பாவனையாம்! பேனாவைப் பிடித்தால் கோடு போடத்தான் அந்தக் கைக்குத் தெரியும். முதல் ஷாட்டில் தருமனுக்கு முன்னால் ஒரு கூடைக்காரி வந்து நின்றாள். "ஒன் மோர் சார்." ஒரு மொட்டைத்தலை. "ஒன் மோர்." கைக்குழந்தையோடு ஒருத்தி, கூடவே ஒரு ஆடு. ராமனுக்கு ஒரே ஆனந்தம். விளக்கை அணைத்துப் பார்த்தால், தருமன் பேசுகிற வசனத்தின் மேலேயே கூட்டம் ஏறி நிற்கிறது. ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை.

செங்கம் சாலையில் ஹாரன் கேட்டது. "ஐயோ, காசி வந்துட்டாருங்க!" என்றார் வேதா.

பலகையோடு, புட்டியோடு, சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் சக்கரவர்த்தி ஓடினார். "சார், லாஸ்ட் ஷாட்!" என்று ராமன் துரத்தினார். "வேற எவனையாச்சும் குந்த வெச்சு எடுங்க!" என்று கத்திவிட்டு, நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

உள்ளே இடம் இருந்தது. அவர் கம்பியில் முதுகைச் சாய்த்துப் புதுக் காகிதத்தில் முதல் கட்டத்திலிருந்து தொடங்கினார். வேங்கிக்கால் தாண்டுவதற்குள் தருமன் வரிசைக்கு வந்துவிட்டான். போளூர்ப் பக்கம் ஒரு பள்ளத்தில் அவன் மீசை காதுவரை போனது.

"காசி, மெதுவா ஓட்டச் சொல்லேன்பா!"

"மெதுவா போனா லேட்டு, ஸ்பீடா போனா கோணக் கோடு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்."

"ஸ்பீடாவே போ!"

வேலூர் அலுவலகத்தில் மௌலியின் மேசைமேல், தருமனுடைய இடத்துக்கு ஒரு அமெரிக்கத் தொப்பிக்காரனும் அவன் நாயும் தயாராகக் கிடந்தார்கள். அச்சுக்கு பிளாக் எடுக்க அனுப்புவதுதான் பாக்கி. மௌலி கடிகாரத்தைக் காட்டினார். "டைம் ஆயிடுச்சு சார். நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

சக்கரவர்த்தி ஈரம் காயாத நாலு கட்டத்தை மேசைமேல் வைத்தார். தொப்பிக்காரனை நாயோடு சேர்த்து எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மௌலி கூப்பிடக் கூப்பிடப் படியிறங்கிப் போனார்.