விசில் கேட்டது

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் என் பட்டறையில், கடைசல் முடிந்து வந்த பம்பு ஷாஃப்ட் ஒன்றை அளந்துகொண்டிருந்தேன். மேசைமேல் கிடந்த கைபேசி விடாமல் அதிர்ந்தது. அணையில் துடுப்புப் படகு ஓட்டும் எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் கதிரேசன் அண்ணன் எழுதியிருந்தார்: "நம் பர்வீன் இன்று அதிகாலை காலமாகிவிட்டார். மூளையில் ரத்தக்கசிவாம். மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம்."

அதன்கீழே ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள். நாற்பத்தாறு வயது சாகிற வயதா என்று ஒருவர். நேற்று முன்தினம்கூட அணையில் பார்த்தேனே என்று இன்னொருவர். மூன்றாமவர் எழுதியதுதான் என்னை நாற்காலியில் உட்கார வைத்தது: "தண்ணீரில் இவ்வளவு கவனமான ஆளை நான் பார்த்ததில்லை. கடலில் அந்த ஒரு முறை தவறியதைத் தவிர."

நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தை உண்டாக்கியவன் நான்.

இரண்டு நாள் கழித்துக் கதிரேசன் அண்ணன் கூப்பிட்டார். எங்களைச் சேர்த்துக் குழுவாக்கியவர் அவர்தான். கப்பற்படையிலிருந்து ஓய்வு பெற்றுச் சிங்காநல்லூரில் இருக்கிறார். "அணைக்கரையில ஒரு கூட்டம் வெக்கலாம்னு இருக்கோமுங்க. அம்மணியப் பத்தி நீங்களே எழுதிப்போடுங்க. கடல்ல அன்னைக்கு அவங்களுக்கு ஜோடியா இருந்தது நீங்கதானுங்களே" என்றார். சரியென்று சொல்லிவிட்டேன். நீங்கள் எல்லோரும் பர்வீனை அறிந்தவர்கள். ஆனால் இதில் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பர்வீனும் அவர் கணவர் யூசுப்பும் கோட்டைமேட்டில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை வைத்திருந்தார்கள். எங்கள் படகுகளின் இருக்கைக்கு மெத்தை வேண்டும் என்று கதிரேசன் அண்ணன் அவர்களிடம் போனார். சர்ஃப்ஸ்கி என்கிற அந்தப் படகைப் பற்றி வெளியாட்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். அகலம் நம் இடுப்பளவுதான். உள்ளே நுழைந்து உட்காரும் படகல்ல. மேலே குழிவாக ஓர் இருக்கை, காலடியில் சுக்கானைத் திருப்பும் பெடல்கள், அவ்வளவுதான். மிக வேகமாகப் போகும். கொஞ்சம் அசந்தால் அதே வேகத்தில் கவிழ்த்தும் விடும்.

அளவெடுக்க அணைக்கு வந்த பர்வீன், படகைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிறகு, "இதுல உக்காந்து பாக்காம எப்படிங்க மெத்தை தெக்கறது?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. முழுக்கைச் சட்டையின் மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அன்று பதினோரு முறை விழுந்தார். ஒவ்வொரு முறையும் எழுந்து, இருக்கையில் எந்த இடம் தொடையை அறுக்கிறது என்று யூசுப்பிடம் சொன்னார். யூசுப் கரையில் நின்று குறித்துக்கொண்டார். மறுவாரம் பர்வீன் எட்டு மெத்தைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாரேனுங்க" என்றார். அப்படித்தான் எங்கள் குழுவில் ஒருவரானார். கடைசி வரை எங்களில் ஒரே பெண் அவர்தான்.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் அணையைக் குட்டிக் கடலாக்கிவிடும். குட்டையான, செங்குத்தான அலைகள் பக்கவாட்டில் வந்து மோதும். அப்படி ஒரு காலையில் நான் நடு அணையில் கவிழ்ந்தேன். ஏறினேன், மறுபக்கம் விழுந்தேன். மறுபடியும் ஏறி மறுபடியும் விழுந்தேன். நான்காம் முறை கைகள் துவண்டுவிட்டன. முன்னால் வெகுதூரம் போயிருந்த பர்வீன் திரும்பி, காற்றை எதிர்த்துத் துடுப்பு போட்டுக்கொண்டு வந்தார். என் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்ணா. ரெண்டு மூச்சு உட்டுக்குங்க" என்றார். "மொதல்ல வயித்தப் படகு மேல போடுங்க. அப்பறம் திரும்பி உக்காருங்க. காலு கடைசி. ரெண்டு காலும் ரெண்டு பக்கமும் தண்ணியிலயே தொங்கட்டும். படகு அடங்கின பொறவு உள்ள எடுத்துக்கலாம்."

அப்படியே செய்தேன். உட்கார்ந்ததும் துடுப்பைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தடுமாறினேன். "துடுப்பத் தூக்காதீங்ணா! அது தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் நமக்குப் புடிமானம் இருக்குது. மேல தூக்கிட்டு யோசிச்சா உழுந்துருவீங்க" என்று கத்தினார். கரை வரைக்கும் என் பக்கத்திலேயே வந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டே வருடத்தில் எங்கள் எல்லோரையும் அவர் முந்திவிட்டார். பின்காற்றில் அவர் படகு போவதைப் பார்ப்பது தனி அனுபவம். நாங்கள் முன்னால் தெரியும் அலையின் முதுகில் ஏற மூச்சிரைக்க இழுப்போம். அவர் இழுக்கவே மாட்டார். "மேட்டப் பாக்காதீங்ணா. பள்ளம் எங்க தெறக்குதுன்னு பாருங்க. மூக்க அங்க உட்டாப் படகு தானாப் போகும்" என்பார். இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு பள்ளம் திறக்கும். நாலைந்து பலமான போடு. படகு சரிவில் இறங்கியதும் கையைத் தளர்த்திவிடுவார். ஏன் தொடர்ந்து போடுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "துணி தானாப் போறப்ப மிஷின் பெடலப் போட்டு அமுத்துவீங்களாங்ணா?" என்று திருப்பிக் கேட்டார்.

நான் அவரைப் பாராட்டினேன். உள்ளுக்குள் எரிந்தது. அவர் வருவதற்குமுன் அந்தக் குழுவில் வேகமான ஆள் நான்.

இனிக் கடலுக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முந்தைய ஆனி மாதம். ராமநாதபுரம் கடற்கரையோரமாகப் பின்காற்றில் பன்னிரண்டு கிலோமீட்டர். கதிரேசன் அண்ணனின் விதி ஒன்றே ஒன்றுதான்: இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும், ஜோடியை விட்டு யாரும் விலகக் கூடாது. எல்லோர் கழுத்திலும் ஒரு விசில். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். பர்வீனுக்கு நான் ஜோடி. துணைக்கு அமர்த்திய நாட்டுப்படகு முன்னால் போய்விட்டது.

அணை அலைகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பள்ளத்தில் இறங்கினால் கரை மறைந்துவிடும். முதல் அரைமணி நேரம் பர்வீன் முன்னால் போனார். அவ்வப்போது வேகத்தைக் குறைத்து எனக்காகக் காத்திருந்தார். அப்படிக் காத்திருந்த ஒரு தருணத்தில் எனக்கு ஒரு பெரிய அலை வாய்த்தது. அதில் இறங்கி, அடுத்ததில் தொற்றி, அதற்கடுத்ததையும் பிடித்துவிட்டேன். முதன்முறையாகப் பர்வீனைத் தாண்டினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு ஓட்டம் வாய்த்ததில்லை.

அப்போதுதான் விசில் கேட்டது. மூன்று முறை.

காற்று அவர் பக்கமிருந்து என் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. கேட்காமலிருக்க வழியே இல்லை. ஓர் அலையின் உச்சியில் திரும்பிப் பார்த்தேன். கவிழ்ந்த படகின் வெள்ளை அடிப்பாகமும் பக்கத்தில் சிவப்புத் தொப்பியும் தெரிந்தன. அந்த அலைகளில் குறுக்கே திரும்பினால் நானும் கவிழ்வேன் என்ற பயம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது வேறு. பத்து நொடியில் ஏறிவிடுவார், வந்து மறுபடி என்னைத் தாண்டிவிடுவார் என்று நினைத்தேன். துடுப்பைப் போட்டேன். மறுபடியும் மூன்று முறை விசில் கேட்டது. நான் நிற்கவில்லை.

கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். பர்வீன் எங்கே என்று கதிரேசன் அண்ணன் கேட்டார். என் வாயிலிருந்து இப்படி வந்தது: "கரைப்பக்கமா ஒதுங்கிப் போயிட்டாங்கண்ணா. கூப்பிட்டுப் பாத்தேன், காத்துல கேக்கல போல. விசிலும் வரலிங்க."

அவர் உடனே நாட்டுப்படகைத் திருப்பி அனுப்பினார். அது திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரம் நான் மணலில் நின்றேன். நடந்தது இதுதான்: பர்வீன் கவிழ்ந்தபோது, படகு விலகிப் போகாமலிருக்கக் காலில் கட்டியிருந்த கயிறு அறுந்துபோகவில்லை, அதைப் படகோடு பிணைத்திருந்த வளையம் பிய்ந்துகொண்டது. காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவர் வெறும் லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்துகொண்டிருந்தார். நான் திரும்பியிருந்தால் என் படகைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார்.

மீனவர்கள் கைத்தாங்கலாக இறக்கினார்கள். உதடு வெளுத்து, பற்கள் கிட்டி, கால் கயிறு மணலில் இழுபட வந்தார். பயத்தில் இருந்த கதிரேசன் அண்ணன் அவரைப் பார்த்ததும் வெடித்துவிட்டார். "ஜோடிய உட்டுப்போட்டு ஏனுங்க தனியாப் போனீங்க? விசில் எதுக்குங்க குடுத்தது?"

பர்வீன் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறைதான். பிறகு கதிரேசன் அண்ணனிடம், "தப்புதானுங்ணா" என்றார்.

அன்று மாலையே குழு முடிவெடுத்தது: பர்வீன் இனி அணையில் மட்டும் துடுப்பு போடட்டும், கடல் வேண்டாம். பெண்பிள்ளையைக் கூட்டிவந்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று ஒருவர் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அதன்பிறகு நான் கோட்டைமேட்டுக் கடைக்கு மூன்று முறை போனேன். மெத்தை கிழிந்துவிட்டது என்று சாக்கு. மூன்றாம் முறை கடையில் வேறு யாருமில்லை. பர்வீன் உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடி ஓர் உறையை மடித்துக்கொண்டிருந்தார். "அம்மணி, அன்னைக்குக் கடல்ல…" என்று ஆரம்பித்தேன். அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். மிஷினை நிறுத்தினார். "சொல்லுங்ணா" என்றார். காத்திருந்தார்.

"அன்னைக்கு அலை ரொம்பப் பெருசு, இல்லீங்களா?" என்றேன்.

"ஆமாங்ணா. பெருசுதான்" என்று சொல்லிவிட்டுக் குண்டூசிகளை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் யூசுப்பின் வீட்டுக்குப் போனேன். கடையிலிருந்து இரண்டு சந்து தள்ளி, மாடி வீடு. டீ கொடுத்தார். நான் குடிக்கவில்லை. அங்கே உட்கார்ந்து, விசில் கேட்டதைச் சொன்னேன். கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. டம்ளரைப் பார்த்துச் சொன்னேன்.

"தெரியுமுங்க" என்றார் யூசுப். "நீங்க திரும்பிப் பாத்ததயும் அவ பாத்துட்டா. ஊட்டுக்கு வந்த அன்னைக்கே சொன்னாளுங்க."

"அப்புறம் ஏனுங்க அங்கயே சொல்லல?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'எட்டுப் பேத்துல நான் ஒருத்திதான் பொம்பள. அவர் ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா அது சண்டையாயிரும். சண்டைன்னு ஆனா என்னைத்தான் போகச் சொல்வாங்க. அணைத் தண்ணியும் இல்லாமப் போயிரும்'னா." யூசுப் ஆறிப்போன டீயை என் பக்கம் நகர்த்தினார். "அந்தத் தண்ணி இல்லாம அவளால இருக்க முடியாதுங்க."

எழுந்திருக்கும்போது கேட்கக் கூடாததைக் கேட்டேன். "என்னைய மன்னிச்சிருப்பாங்களாங்க?"

யூசுப் கோபப்படவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டே, "அத அவகிட்டயில்லீங்க கேட்டிருக்கோணும்" என்றார்.

இதை எழுதி முடித்ததும் முதலில் கதிரேசன் அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். சிங்காநல்லூரில் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே படித்தார். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "போன வருசம் அந்த அம்மணி என்னைக் கேட்டாங்க. 'ஒரே ஒரு வாட்டி கடலுக்குக் கூட்டிட்டுப் போங்ணா'ன்னாங்க. முடியாதுன்னு சொல்லிப்போட்டேன்" என்றார். காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பர்வீன் கடலில் தவறவில்லை. ஜோடியை விட்டு விலகவில்லை. விசில் ஊதினார், ஆறு முறை. தவறியவன் நான். இனி யாராவது அவரைப் பற்றிப் பேசினால் இப்படிப் பேசுங்கள்.

அவர் கற்றுக்கொடுத்தவை உங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. அவர் தைத்த மெத்தைகள் உங்கள் படகுகளில் இருக்கின்றன. எனக்கென்று தனியாக வைத்திருப்பது வேறு. அந்த ஆனிக்குப் பிறகு நான் மூன்று முறை கடலுக்குப் போனேன். மூன்று முறையும் நல்ல காற்று, நல்ல அலை. அந்த மூன்றும் பர்வீன் போயிருக்க வேண்டியவை, அவருக்கு உரியவை. அவருடைய பொருள் என்று என்னிடம் இருப்பது அவைதான்.