ஆனால்காரரின் சொந்த வண்டி

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு விலை சொல்வதுதான் அவர் தொழில். வாங்குவதில்லை, விற்பதில்லை, பழுது பார்ப்பதுமில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், பாகம் பிரிக்கும் அண்ணன் தம்பிகள், விவாகரத்து வக்கீல்கள் என்று யாராவது வந்து "இந்த வண்டி இன்னைக்கு என்ன போகும்?" என்று கேட்டால், தாளில் ஒரு தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுப்பார். அந்தத் தொகை பெரும்பாலும் கேட்டவருக்குப் பிடிக்காது. அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

ஊரில் அவருக்கு ஆனால்காரர் என்று பெயர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து "அருமையான வண்டி" என்பார். சொந்தக்காரர் முகம் மலரும். "ஆனால்" என்பார். பிறகு அந்த முகத்தில் மலர எதுவும் மிச்சம் இருக்காது. மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கதவின் கீழ்ப்பகுதியில் வைப்பார். ஒட்டாமல் நழுவினால் பெயிண்டுக்கு அடியில் தகரம் இல்லை, பட்டி பூசி ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது ஓர் ஆனால். இன்ஜினில் பொறித்த எண் ஒன்று, பதிவுப் புத்தகத்தில் உள்ள எண் வேறொன்று என்றால் அது குடும்பத்தோடு வரும் ஆனால். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தன் வண்டிக்கு ஏழாவது ஆனால் விழுந்ததும், இதற்கு மேல்முறையீடு எங்கே செய்வது என்று கேட்டாராம்.

ஆனால்காரர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்கும் தொகையை அவர் விலை என்று ஒப்புக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அதே மாடல், அதே வருஷத்து வண்டிகள் கடைசியாக மூன்று எவ்வளவுக்குக் கைமாறின என்று பார்ப்பார். நடுவில் உள்ள தொகையை எடுப்பார். அதிலிருந்து ஒவ்வோர் ஆனாலுக்கும் இவ்வளவு என்று கழிப்பார். இதில் கண்ணீருக்குக் கட்டம் கிடையாது.

சொந்தக்காரர்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வேலை செய்யவும் மாட்டார். நின்றால் கதை சொல்வார்கள். இந்த சீட்டில்தான் என் மனைவி முதன்முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்பார்கள். அந்தச் சிரிப்புக்கு ஒரு லட்சம் சேர்த்துப் போடச் சொல்லி அவர்கள் கண் கெஞ்சும். அதனால் தபாலில் வரும் படிவங்களுக்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பெயர், முகவரி, பதிவு எண் உள்ள முதல் பக்கத்தை அலுவலக உதவியாளர் அக்கா கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். மீதி முப்பத்தொரு கேள்விகளும் பதில்களும் மட்டும் தட்டச்சாகி இவர் மேஜைக்கு வரும். யார் வீட்டு வண்டி என்று தெரியாமலே விலை போடுவார். அந்த அக்காவுக்கு அலுவலகத்தில் பூட்டு என்று பெயர். வாயைத் திறந்தால்தானே ரகசியம் வெளியே வரும்?

இப்படிப்பட்டவர் வீட்டு ஷெட்டிலும் ஒரு வண்டி இருந்தது.

கருஞ்சிவப்பு. இரண்டே சீட். மேலே துணிக்கூரை. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வாங்கியது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் குரல் குழையும். ஒட்டுமொத்தமாகப் பெயிண்ட் அடித்ததை "லேசா ஒரு டச்சப்" என்பார். வேறொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய கியர்பாக்ஸை "அதைவிட இது நல்லது" என்பார். ஓடுகிறதா என்று கேட்டால், "இப்பதான், ரெண்டு மாசம் முன்னாடி ஸ்டார்ட் பண்ணேன்" என்பார். அந்த இரண்டு மாதத்துக்கு இப்போது பதினோரு வயது.

மனைவிக்கு ஜன்னல் திரை தைக்கும் தொழில். ஒரு மெஷினில் ஆரம்பித்து இப்போது மூன்று மெஷின், கூடத் தைக்க இரண்டு பேர். புதிதாகத் திறக்கப் போகும் ஹோட்டல் ஒன்று நாற்பத்திரண்டு ஜன்னல்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. தரையிலிருந்து உச்சி வரை தொங்கும் திரைகள். துணியை மடிக்காமல் விரித்து வெட்டப் பன்னிரண்டு அடி மேஜை வேண்டும். வீட்டில் பன்னிரண்டு அடிக்கு மேல் நீளமாக இருந்தது ஷெட் ஒன்றுதான். மாதம் இருபதாம் தேதிக்குள் முதல் பத்து ஜன்னல் போகாவிட்டால் ஆர்டர் வேறு கைக்குப் போய்விடும். அதுவரை கட்டில் மேல் துணி, சோபா மேல் துணி, சாப்பாட்டு மேஜை மேல் துணி. புருஷனும் பெண்டாட்டியும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

"ஏங்க, வண்டிக்கு ஷெட்டு. ஜன்னல் துணிக்குக் கட்டில். நமக்கு எதுங்க?" என்று கேட்டார் மனைவி.

நியாயமான விலை வந்தால் நாளைக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார் அவர். பல வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நியாயமான விலை அவர் கணக்கில் இருபத்திரண்டு லட்சம். போனில் விசாரித்தவர்கள் அந்தத் தொகையைக் கேட்டதும், தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். ஒரு பல் டாக்டர் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை விலை கேட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த வருஷம் பேசுவதாகச் சொல்வார்.

மனைவி சண்டை போடவில்லை. கணவரின் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டார். டார்ச்சும் அளவு நாடாவும் சகிதம் ஷெட்டுக்குள் போனார். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினார். கதவுகள்: மூடும், கொஞ்சம் தூக்கிப் பிடித்தால். சீட்: கிழிந்தது, பிறகு திரைத்துணியால் ஒட்டுப் போட்டது. கூரை: மூன்று இடத்தில் டார்ச் வெளிச்சம் மறுபக்கம் வருகிறது. கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு படிவத்தைப் பூட்டக்காவிடம் கொடுத்தார். பூட்டக்கா முதல் பக்கத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். முதல் பக்கத்தைக் கழற்றினார். மீதியைத் தட்டச்சு செய்தார்.

அன்று ஆனால்காரருக்கு உற்சாகமான நாள். படிவத்தைப் படித்தவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நம் வண்டியின் அதே மாடல், அதே வருஷம் என்று பூட்டக்காவிடம் சொன்னார். பூட்டக்கா ஸ்டேப்ளரில் பின் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பதிலாகப் படிக்கப் படிக்க அவருக்குத் தாங்கவில்லை. இப்படியும் ஒரு மனுஷன் வண்டி வைத்திருப்பானா என்று மூன்று தடவை சொன்னார். மொத்தம் ஒன்பது ஆனால் விழுந்தது. ஒன்பதரை லட்சம் என்று எழுதினார். குறிப்பு என்ற இடத்தில், வழக்கத்துக்கு மாறாக, மனமிரங்கி இரண்டு வரி கூடுதலாக எழுதினார்: "உரிமையாளர் வண்டியைக் கவனிக்காமல் வண்டியைப் பற்றிய பெருமையை மட்டும் கவனித்து வந்ததாகத் தெரிகிறது. இன்னொரு மழைக்காலம் தாங்காது, வந்த விலைக்குக் கொடுத்துவிடுவது நல்லது."

ராத்திரி சாப்பாட்டின்போது மடியில் தட்டோடு இதையே பேசினார்.

"யாருங்க அந்தப் பாவம்?" என்றார் மனைவி.

"தெரியாதும்மா, நான்தான் பேரே பாக்கறதில்லையே. ஆனா ஆளு சோம்பேறி. அது மட்டும் நிச்சயம்."

"அப்படியா?"

"நம்ம வண்டி பக்கத்துல அதக் கொண்டாந்து நிறுத்தினா நம்ம வண்டிக்கே அவமானம்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டு அவர் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினார். தோள் லேசாகக் குலுங்கியதை அவர் விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் மாலை மனைவி அந்த மதிப்பீட்டை அவர் மடியில் வைத்தார். கையெழுத்து, முத்திரை, ஒன்பது ஆனால். மேலே முதல் பக்கத்தையும் சேர்த்துப் பின் அடித்திருந்தது. அவர் பதிவு எண்ணைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எண் மாறவில்லை.

முதலில் படிவம் தப்பு என்றார். பிறகு பூட்டக்கா உடந்தை என்றார். பிறகு, நேரில் பார்க்காமல் போட்ட விலை செல்லாது என்றார். முப்பத்தொரு பதிலில் எது பொய் என்று மனைவி கேட்டார். அவர் படிவத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஷெட்டுக்குப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து, முட்டியெல்லாம் தூசியோடு திரும்பி வந்தார்.

"பதினேழாவது பதில் தப்பு" என்றார்.

பதினேழாவது கேள்வி, பின் சக்கரங்கள் தடையில்லாமல் சுற்றுகின்றனவா என்பது. சுற்றுகின்றன என்று மனைவி எழுதியிருந்தார்.

"ஒண்ணுதான் சுத்துது" என்றார் அவர், சோபாவில் துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

இருபத்தாறு வருஷத்தில் போட்ட கையெழுத்தை அவர் திரும்ப வாங்கியதில்லை. நீதிபதிக்கே வாங்கவில்லை. மனைவி அந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் கட்டணம் கட்டி ரசீது வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பல் டாக்டர் வருகிறார் என்று மெதுவாகச் சொன்னார். அந்த ஞாயிறு பதினெட்டாம் தேதி.

பல் டாக்டர் கையில் மதிப்பீட்டின் நகலோடு வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அருமையான வண்டி சார்" என்றார். ஆனால்காரர் முகம், அவரையும் மீறி, மலர்ந்தது.

"ஆனால்" என்றார் டாக்டர், தாளைப் பார்த்து.

அந்தச் சொல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. டாக்டர் ஒன்பதையும் வரிசையாகப் படிக்க, இவர் ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்தார். கியர்பாக்ஸைப் பற்றி ஆரம்பித்தார். அப்புறம், "இந்த சீட்டுலதான் டாக்டர், இவ முதல் தடவையா..." என்று தொடங்கியவர், தன் குரல் தன் காதிலேயே விழுந்து, பாதியில் நிறுத்தினார்.

டாக்டர் அந்த சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டுப் போட்ட தையலை விரலால் தடவி, யார் தைத்தது என்று கேட்டார். மனைவி நான்தான் என்றார். டாக்டர் தலையாட்டிவிட்டு, எட்டு லட்சம் தரலாம் என்றார்.

"கையெழுத்துப் போட்ட விலைக்கு மேல நாங்க கேக்கல டாக்டர்" என்றார் மனைவி. "அதுக்குக் கீழ நீங்களும் கேக்காதீங்க."

டாக்டர் யோசித்தார். பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடியை எடுத்தார். குனிந்து கதவுக்குக் கீழே நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறது, ஒன்பதரைக்கே முடித்துக்கொள்ளலாம் என்றார். மனைவி மூச்சை விட்டார்.

ஆனால்காரருக்குப் பொறுக்கவில்லை. வண்டியைக் கொடுப்பதற்காவது மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். தன் கண் முன்னால் ஒரு வண்டியைத் தப்பாகப் பார்ப்பதை மட்டும் அவரால் சகிக்க முடியவில்லை.

"அங்க இல்ல டாக்டர். இன்னும் நாலு விரல் உள்ள தள்ளி."

சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் படுத்து, டார்ச்சோடு அடியில் நகர்ந்தார். துரு அரித்த இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். பக்கத்திலேயே டாக்டரும் படுத்தார். மேலே மனைவி இருமினார். இருமலுக்குப் பலன் இல்லை. வண்டிக்கு அடியிலிருந்து கணவரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதில் இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்த தெம்பு திரும்பியிருந்தது. இதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம், இந்தக் குழாயை மாற்றாமல் சாவியையே தொடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். மனைவி ஒரு துணி உருளையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

இருவரும் வெளியே வந்தபோது யார் டாக்டர், யார் மற்றவர் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு அழுக்கு. காகித மதிப்பீட்டில் இந்தத் துரு சேரவில்லை, அதற்கு அரை லட்சம் கழிக்க வேண்டும், ஒன்பதுதான் சரியான விலை என்று ஆனால்காரர் தீர்ப்புச் சொன்னார்.

"ஏங்க, நீங்க எந்தக் கட்சி?" என்றார் மனைவி.

பல் டாக்டர் உடனே கையை நீட்டினார். நாலு வருஷத்தில் எட்டு வண்டி பார்த்தாராம். எல்லோரும் ஒரு குறையும் இல்லை என்றே சொன்னார்களாம். வாங்கி வந்து பயந்துகொண்டே ஓட்ட வேண்டாம், எங்கே கை வைப்பது என்று தெரிந்து வாங்கும் முதல் வண்டி இதுதான் என்றார். அன்று மதியமே வண்டியை ஏற்றிக்கொண்டு போக லாரி வந்தது. ஆனால்காரரும் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். டாக்டர் வீட்டில் வண்டி நிற்கப் போகும் இடத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவாம். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அவர் பஸ் பிடித்துத் திரும்பி வந்தபோது ஷெட் கழுவி விடப்பட்டிருந்தது. பன்னிரண்டு அடி மேஜை உள்ளே போயிருந்தது. இரண்டு விளக்குகள் எரிந்தன. மனைவி வாயில் குண்டூசிகளோடு, மேஜையின் மறுமுனையைக் கண்ணால் காட்டினார். அவர் போய்த் துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஈரம் இருந்துச்சா?" என்று குண்டூசிகளை எடுத்துவிட்டுக் கேட்டார் மனைவி.

"இல்ல. நம்ம ஷெட்ட விட நல்ல இடம்." துணியை நீவினார். "கூரைத் துணியை மட்டும் சீக்கிரம் மாத்திடணும்னு சொல்லிட்டு வந்தேன். யார்கிட்ட குடுக்கப் போறாரோ."

"என்கிட்டதான். நீங்க லாரியில ஏறிட்டு இருந்தீங்களே, அப்பவே அட்வான்ஸ் குடுத்துட்டாரு. ஹோட்டல் வேலை முடிஞ்சதும் தைக்கணும்."

அவர் துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்ப அளவெடுக்க வண்டி இங்க வருமா?"

"வரும். வாசல்ல நிக்கும்" என்று கத்தரியை எடுத்தார் மனைவி. "பிடிங்க, கோணப் போகுது."